இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது

கீழ்வீட்டுத் தம்பி நடக்க ஆரம்பித்துவிட்டால் மேலே என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. முன்னறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பின்வாசல், அங்கே ஒரு திருப்பம், மறுபடி முன்னறை. ரப்பர் செருப்பு தரையில் அடித்துக்கொண்டே போகும். அவனுக்கு யோசனை காலில்தான் வரும் போல. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பாதிப் படி இறங்கி நின்று, "தம்பி, தரை என்னோடது. தேஞ்சா நான்தான் மாத்தணும்" என்றேன். "சாரிக்கா" என்றான். அதையும் நடந்துகொண்டேதான் சொன்னான்.

புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். வீடு கேட்டு வந்தபோது என்ன தொழில் என்று விசாரித்தேன்.

"பாட்டுப் பொட்டி பண்றோம்க்கா" என்றாள் அவள்.

"ரேடியோவா?"

"இல்ல. பாக்கெட்ல வச்சுக்கற மாதிரி சின்னது. பாட்டை உள்ள ஏத்திட்டா பாடும். வேற ஒண்ணும் பண்ணாது."

"அதான் போன்லயே கேக்கலாமே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் ஊற்றுகிறவரிலிருந்து பேங்க் மேனேஜர் வரைக்கும் எல்லாரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"எங்க அண்ணன் லாரி ஓட்டறாருக்கா. பாட்டு ஓடிட்டிருக்கும்போதே முதலாளி கூப்பிடுவாரு, பாட்டு நின்னுடும். பொழுது சாயறதுக்குள்ள சார்ஜும் போயிடும். அப்புறம் வண்டி எங்க நிக்குதுன்னு சொல்லக்கூட வழி இருக்காது. அந்த மாதிரி ஆளுங்களுக்கு" என்றாள்.

"நல்ல சத்தம்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு" என்றான் அவன், அதே மூச்சில்.

முதல் நாளே ஆளுக்கொரு பதில். சாவிக்கொத்தைத் தேடுகிற மும்முரத்தில் நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்னறையில் ஒரு நீளமான மேசை போட்டார்கள். சன்னல் பக்கம் அவளுக்கு, சுவர்ப்பக்கம் அவனுக்கு. அவன் பக்கம் முழுக்க ஒயர், பற்றவைக்கிற கம்பி, பச்சை நிறச் சர்க்யூட் போர்டுகள், முள் துடிக்கிற மீட்டர்கள். ஈயம் உருகும் வாடை மாடி வரைக்கும் வரும். அவள் பக்கம் மரத்தூள். மின்விசிறியும் இஸ்திரிப்பெட்டியும் செய்கிற கம்பெனி ஒன்றில் சாமான்களுக்கு மேல்கூடு வரைகிற வேலை பார்த்தவள் அவள். கம்ப்யூட்டரில் வரைவதற்கு முன்னால் கையால் செய்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. லேசான மரத்தை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, நடுவில் துளை போட்டு ஈயக்குண்டு வைத்து நிஜப் பெட்டியின் எடைக்குக் கொண்டுவருவாள். பிறகு அதை யார் பையிலாவது போட்டுவிடுவாள்.

என் நைட்டிப் பையிலும் ஒன்று கிடந்தது.

"குனிஞ்சா குத்துதாக்கா?"

"இல்ல."

"வெளிய எடுக்காம, எந்தப் பக்கம் மேல்பக்கம்னு சொல்லுங்க."

பைக்குள் கையை விட்டேன். முன்பக்கத்தில் ஒரு சின்னக் குழி. என் கட்டைவிரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்ததும் ஆள்காட்டி விரல் விளிம்பில் இருந்த பட்டன் மேட்டில் போய் நின்றது. நான் எதையும் தேடவில்லை.

"அடியே, இது என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!"

"எல்லார் கைக்கும் அப்படித்தான் இருக்கணும். அண்ணன் ரோட்டைப் பாத்துக்கிட்டே பாட்டை மாத்தணும்ல" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்தக் குழியை மட்டும் எத்தனையோ தடவை தேய்த்திருக்கிறாள். உப்புத்தாள் உரசும் சத்தத்தைக் கேட்டு எலி என்று நினைத்து நான் பொறி வாங்கி வந்த கதையும் உண்டு.

என் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் கழற்றுவேன். ஒரு ஆள் 'ஹலோ' என்று சொல்லும் தினுசிலேயே எதிர்முனையில் அவர் பெண்டாட்டியா கடன்காரனா என்று சொல்லிவிடுவேன். ஒருபக்கப் பேச்சை மட்டும் கேட்டு மறுபக்கத்தை ஊகிப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால் கீழே நடந்த சண்டைகளில் எனக்கு எதுவும் தப்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவன் குரல் மாடிக்கு வரும். அவள் குரல் வராது.

"இந்தச் சிப்பைப் போட்டா சத்தம் எவ்ளோ சுத்தமா வரும் தெரியுமா?"

அமைதி.

"கரண்டு குடிக்கும். தெரியும். நல்லதுன்னா குடிக்கத்தான் செய்யும்!"

அமைதி.

"பேட்டரியைப் பெருசாக்கினா செங்கல் மாதிரி ஆயிடும்! செங்கல்லை எவன் பாக்கெட்ல வச்சுப்பான்?"

அமைதி.

"பட்டனுக்கு எடம் இல்லங்கறேன்! போர்டு அகலமாயிடுச்சு! கண்ணாடித் திரையைத் தொட்டா பாட்டு மாறும், அது போதும்!"

கேட்கக் கேட்க அவன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. நல்ல சத்தம் வேண்டாம் என்று சொல்கிற பாட்டுப் பெட்டியும் ஒரு பெட்டியா? இந்தப் பெண் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று அடுப்படியில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே அவளைத் திட்டினேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"மேல்கூடு யார் வேணா வரையலாம்! உள்ள இருக்கறதுதான் பொட்டி!"

அதற்கப்புறம் செருப்புச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உப்புத்தாள் உரசும் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தாள். காற்று அடித்துப் பிடுங்கியது. மழை வருமா வராதா என்று தெரியாத வானம். நான் க்ளிப் எடுத்துக் கொடுத்தேன்.

"என்னம்மா, நேத்து கீழ ஒரே சத்தம்?"

"உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?"

"அவன் பேசினது கேட்டுச்சு. உன்னோடது கேக்கல."

சிரித்தாள். "எனக்குக் கத்த வராதுக்கா. கத்தினா பாதியிலயே அழுகை வந்துடும். அப்புறம் நான் சொன்னதை விட்டுட்டு, ஏன் அழறேங்கறதுதான் பேச்சாயிடும். அதுக்கு மெதுவாவே சொல்லிடறது."

"அப்படி என்னதான் சண்டை உங்களுக்குள்ள?"

ஒரு தலையணை உறையைக் கொடியில் போட்டு, அதன் ஓரத்தை விரலால் அளந்து காட்டினாள். "இவ்ளோ இடம். இதுக்குள்ள எல்லாரும் குடியிருக்கணும். பேட்டரிக்குக் குடுத்தா போர்டுக்கு இல்ல. போர்டுக்குக் குடுத்தா பட்டனுக்கு இல்ல. ஒல்லியாவும் இருக்கணும்னா யாரையாவது வெளிய தள்ளணும். யாரைத் தள்றதுங்கறதுதான் சண்டை."

"அவன் யாரைத் தள்ளச் சொல்றான்?"

"என்னோடதை எல்லாம்" என்றாள். "அவரோட சிப்பைப் போட்டா, அண்ணன் பாதி ஊர் தாண்டறதுக்குள்ள பாட்டு நின்னுடும்க்கா. சத்தம் எவ்ளோ நல்லா இருந்தா என்ன, அது நின்னு போனப்புறம்?"

நான் வீட்டுக்காரி. வாடகை வாங்குகிறவள். "ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்கம்மா" என்று சொல்லிவைத்தேன். உட்கார்ந்து பேசுகிற ஆளா அவன்?

அவன்தான் வழி சொன்னான். 'நீயும் வேணாம், நானும் வேணாம், காதே சொல்லட்டும்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டான். நான், லாரிக்கார அண்ணன், அடுத்த வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும். மேசையில் ஒரு துண்டைப் போட்டு அதற்கடியில் இரண்டு போர்டுகளை மறைத்து வைத்திருந்தான். ஒன்றில் அவள் கேட்ட சாதாரணச் சிப்பு, ஒன்றில் அவனுடைய புதுச் சிப்பு. எது எதில் என்று சொல்லவில்லை. ஒரே பாட்டு, முதலில் ஒன்றில், பிறகு இன்னொன்றில். எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

ஹெட்போனை முதலில் என் காதில் மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டேன். எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பப் போன மாதிரி முதுகு தானாக நிமிர்ந்தது.

"ரெண்டாவதுதான்" என்றேன். சும்மா விட்டேனா? "முதல்ல கதவுக்கு வெளிய நின்னு பாடறாங்க. ரெண்டாவதுல பக்கத்துல வந்து உக்காந்து பாடறாங்க" என்று வியாக்கியானமும் சொன்னேன். அவனுக்கு முகமெல்லாம் பல்.

தையல்காரர் இரண்டாவது என்றார். அவர் மனைவியும் இரண்டாவது என்றார். லாரிக்கார அண்ணன் வலது காதில் மட்டும் அழுத்தி அழுத்திக் கேட்டுவிட்டு, "ரெண்டாவதுதான் மாப்ள. சந்தேகமே இல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்க்காமல் டீ க்ளாஸைப் பார்த்தார்.

கடைசியில் அவளே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களைவிட அதிக நேரம் கேட்டாள். ஒருதரம் போதாமல் இன்னொருதரம் கேட்டாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். முதலாவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையை இன்னும் கொஞ்சநாள் இழுத்திருக்கலாம்.

"ரெண்டாவது" என்றாள். கட்டை அவிழ்த்தாள். "நல்லாதான் இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து கீழே சண்டை இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் மரக்கட்டைகளையெல்லாம் வாரி ஒரு பைக்குள் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் புதுசாக வரைய உட்கார்ந்தாள். பேட்டரி சின்னதாயிற்று. பட்டன்கள் போயின. குழியும் போயிற்று. கண்ணாடிக்கு முன்பக்கம் முழுக்க இடம் வேண்டுமாம். நான் எட்டிப் பார்த்தபோது திரையில் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரொட்டியும் அவித்த முட்டையும் தொடாமல் காய்ந்துகொண்டிருந்தன.

அவன் ஜெயித்தவன். ஜெயித்தவன் நிம்மதியாக இருக்க வேண்டாமா? முன்னைக்கிப்போது அதிகமாக நடந்தான். பின்வாசல் வரை போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் முதுகைப் பார்ப்பான். ஏதோ கேட்க வாயெடுப்பான். கேட்கமாட்டான். மறுபடி நடப்பான்.

வரைபடம் முடிகிற சமயத்தில் அவள் ஒரு கிண்ணத்தில் சூப் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். சூப்பை வைத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"பழைய கம்பெனில கூப்பிடறாங்கக்கா. ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்றாங்க. சரின்னுட்டேன்."

"அது ரயில்ல போற ஊராச்சேம்மா?"

"அங்கயே ரூம் குடுக்கறாங்க."

"வாரக் கடைசில வந்துடுவியா?"

"பாக்கலாம்க்கா."

எத்தனை ஆயிரம் 'பாக்கலாம்' என் காது வழியாகப் போயிருக்கிறது! வருகிறவர்கள் சொல்லும் பாக்கலாம் வேறு.

"ஏம்மா, வேலையை விட்டுப் போறியா, ஆளை விட்டுப் போறியா?"

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. "அந்தப் பொட்டியில என் கை எங்கயும் இல்லக்கா இப்ப. அவர் சொன்னது சரிதான், யார் வேணா வரைஞ்சிருக்கலாம். அப்புறம் இந்த வீட்ல நான் என்னவா இருக்கறது? சமைக்கற ஆளாவா?" என்றாள். "தோத்தது பரவாயில்ல. என் காதே என்னைத் தோக்கடிச்சதுதான் தாங்கல."

அச்சு வெட்டுகிற நாளும் வந்தது. பிளாஸ்டிக் கூடு வார்ப்பதற்கு இரும்பில் அச்சு வெட்ட வேண்டும். முன்பக்கத்துக்கு ஓர் இரும்பு, பின்பக்கத்துக்கு ஓர் இரும்பு. வெட்டினால் வெட்டினதுதான், இன்னொரு இரும்பு வாங்க அவர்களுக்கு வக்கில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று காலையிலேயே அவள் பட்டறைக்குப் போய்விட்டாள். கதவோரம் அவளுடைய துணிப்பெட்டி பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது.

நல்ல மழை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பார்த்தால், கீழே நடைச் சத்தம் இல்லை. அவன் வீட்டில்தான் இருக்கிறான், நடக்கவில்லை. நான் கையைத் துடைப்பதற்குள் படியேறி வந்துவிட்டான். கையில் அந்த இரண்டு போர்டுகள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் காதைக் குடுங்க."

"அதான் அன்னிக்கே சொன்னேனே."

"இன்னொருதரம் கேளுங்க. கண்ணை மூடிக்கோங்க."

கேட்டேன். முதலில் ஒன்று, பிறகு ஒன்று. "ரெண்டாவதுதான்" என்றேன், பழக்கதோஷத்தில்.

"இப்ப முதல்ல வச்சதுதான்க்கா என் சிப்பு. ரெண்டாவது அவ கேட்ட சிப்பு."

எனக்கு எரிச்சல் வந்தது. மறுபடி வைக்கச் சொன்னேன். மாற்றி மாற்றி வைத்தான். கதவுக்கு வெளியேயும் யாரும் நிற்கவில்லை, பக்கத்திலும் யாரும் உட்காரவில்லை. இரண்டும் ஒரே பாட்டு, ஒரே ஆள். எது எது என்று என் தலையை எடுத்தாலும் சொல்ல முடியாது.

"என்னடா தம்பி பண்ணினே இதை?"

"ஒண்ணும் பண்ணல. ரெண்டு சத்தத்தையும் அளந்து ஒரே அளவா வச்சேன். அவ்ளோதான்." தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பேட்டரி எவ்ளோ நேரம் வரும்னு பாக்கறதுக்காக இன்னிக்கு ரெண்டையும் மீட்டர்ல மாட்டினேன்க்கா. அப்பதான் பாத்தேன். டெஸ்ட் அன்னிக்குக் காலைல என் போர்டுல லேசா ஒரு இரைச்சல் இருந்துச்சு. ரெசிஸ்டர்னு ஒரு சின்னப் பார்ட்டைக் கழட்டி வேற போட்டேன். இரைச்சல் போயிடுச்சு. கூடவே சத்தம் ஒரு இழை ஏறிடுச்சு. திரும்ப அளந்து சமன் பண்ணியிருக்கணும். ஆளுங்க வந்துட்டாங்க, பண்ணல."

"ஒரு இழைதானே?"

"அந்த ஒரு இழை போதும்க்கா. சத்தம் கூடியிருக்குன்னு யாருக்கும் தோணாது. நல்லா இருக்குன்னுதான் தோணும். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அது. எனக்கும் தெரியும்."

"அவகிட்ட சொன்னியா?"

எழுந்தான். என் வீட்டிலும் நடக்க ஆரம்பித்தான். "இந்நேரம் மெஷின்ல ஏத்தியிருப்பாங்க. இப்ப சொல்லி என்னக்கா ஆகப்போகுது? மீட்டர்ல பாத்தா என் சிப்பு இப்பவும் நல்ல சிப்புதான். வாங்கறவன் யாரு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கப்போறான்?"

"மீட்டரா வந்து பாட்டு கேக்கப்போகுது?"

நின்றான்.

"நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதே தம்பி. அந்தப் பொண்ணு தன் காதை நம்பி, கையால செஞ்சதை எல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டா. உன் ரெசிஸ்டரை நம்பியா கட்டி வச்சா? பெட்டி அடுக்கி வாசல்ல வச்சிருக்கா, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

அவன் போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டறை இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்? மறுபடி அடித்தான். மறுபடி. பிறகு வண்டிச் சாவியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

நான் ஏன் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போர்டு நனையக் கூடாது, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். போர்டுகளையும் மீட்டரையும் என் டிபன் டப்பாக்களில் போட்டு மூடி, மடியில் கட்டிக்கொண்டு அவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். இருந்த ஒரே மழைக்கோட்டை அவன் எனக்குக் கொடுத்தான். வழியெல்லாம் பள்ளத்தில் தண்ணீர். சிக்னலில் நிற்கும்போதுகூட ஒரு காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். "தட்டாதே, விழப்போறோம்" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

பட்டறை தகரக் கூரை. மேலே மழை அடிக்கிறது, உள்ளே மெஷின் இரும்பைக் கடிக்கிறது. எண்ணெய் நாற்றம். வெட்டுகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ திரவம் ஊற்றிக்கொண்டே இருந்தது, சுருள் சுருளாக இரும்புச் சீவல் தெறித்தது. அச்சுக்காரர் பட்டனில் கை வைத்தபடி நின்றார். அவள் காதில் இரைச்சல் கேட்காமலிருக்க பஞ்சு வைத்த மூடி மாட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டுப்படுகிற இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கூப்பிட்டான். கேட்கவில்லை. கத்தினான். தெருவுக்கே கேட்கிற அந்தக் குரல், என் மாடித் தரையைத் துளைக்கிற அந்தக் குரல், அங்கே பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைக்க இன்னொருதரம் கத்த ஆரம்பித்தான். அச்சுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"...தப்புப் பண்ணிட்டேன்!"

பாதிக் கத்தல் அமைதியில் வந்து விழுந்தது. பட்டறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் காது மூடியைக் கழற்றினாள். அவனைப் பார்த்தாள். மழைக்கோட்டும் டிபன் டப்பாவுமாக நின்ற என்னைப் பார்த்தாள். "மெதுவா சொல்லுங்க. கேக்குது" என்றாள்.

சொன்னான். இரைச்சல், ரெசிஸ்டர், அளக்காதது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை, தனக்குச் சாதகமாக எதையும் சேர்க்கவும் இல்லை. அதற்காக மட்டும் அவனை நான் மெச்சுகிறேன். அவள் மேசையில் கிடந்த இரும்புத்தூளைக் கையால் ஒதுக்கி, "வைங்க" என்றாள். மீட்டரின் முள்ளை இரண்டு போர்டுக்கும் அவளே பார்த்துக்கொண்டாள். பிறகு காதில் மாட்டிக் கண்ணை மூடினாள். அவன் மாற்றி மாற்றி வைத்தான்.

"தெரியல" என்றாள். கண்ணைத் திறக்காமலே, "எனக்கு வித்தியாசம் தெரியல" என்றாள் மறுபடி. மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

பிறகு எழுந்து மெஷினிடம் போனாள். "எதுவரைக்கும் வெட்டியாச்சு?"

"முன்பக்கம் முடிஞ்ச மாதிரிதான். பின்பக்க இரும்பைத் தொடல" என்றார் அச்சுக்காரர்.

அவள் ஈரமான இரும்புக்குள் கையை விட்டு, ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தாள். வழவழப்பாக இருந்திருக்கும். விரலை எடுக்கவில்லை.

"இங்க ஒரு குழி வேணும்."

"வரைபடத்துல இல்லையேம்மா."

"இல்லதான். நான்தான் எடுத்தேன்."

"பிளாஸ்டிக்ல குழி விழணும்னா இரும்புல மேடு விட்டு வைக்கணும். மேட்டைச் சீவியாச்சு. சீவினதைத் திரும்ப எப்படி வைக்கறது?" அச்சுக்காரருக்குத் தன் மேல் பழி வந்துவிடுமோ என்று பயம். குரல் ஏறியது. "நீங்க குடுத்ததைத்தானே வெட்டினேன்?"

"உங்களைச் சொல்லலண்ணே" என்றாள்.

அவன் அவள் பக்கத்தில் போய் நின்றான். "பின்பக்கம் மிச்சம் இருக்கு. ஆழமா வெட்டினா பெரிய பேட்டரி வைக்கலாம். விளிம்புல உன் பட்டன் வைக்கலாம். என் சிப்பு வேணாம். நீ வேலைக்குப் போகாதே" என்றான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்கல்ல. மேல்கூடு யார் வேணா வரையலாம்னு."

"அது கோவத்துல..."

"தெருவே கேட்டுச்சு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. அன்னிக்கு நீங்க சத்தமா சொன்னீங்க. இப்ப நான் பேசற அளவுக்கு, இதே அளவுல, திரும்பச் சொல்லுங்க. உண்மையான்னு கேட்டுப் பாக்கறேன்."

அவன் வாயைத் திறந்தான். அந்த அளவில் அந்த வார்த்தை வரவில்லை. மூடினான். அவன் அழுவதை நான் பார்க்க வேண்டாம் என்று நான் டிபன் டப்பாவை மூடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். என் கண்ணும் சரியாகத் தெரியவில்லை. அவன் சத்தத்தைக் கேட்டுத்தானே நானும் மேலே உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அச்சுக்காரர் செருமினார். "பின்பக்கத்தை ஏத்தவா வேணாமா? மெஷின் சும்மா நிக்குது."

"ஏத்தாதீங்க" என்றாள். தோள்பையில் கையை விட்டு அந்த மரக்கட்டையை எடுத்தாள். ஊருக்கு எடுத்துப்போக வைத்திருந்தாளா, சும்மா பையிலேயே கிடந்ததா, எனக்குத் தெரியாது. "நான் திரும்ப வரைஞ்சு தர்றேன்."

ஒன்றாம் தேதி வந்தது, போனது. அந்தத் துணிப்பெட்டி இன்னும் கதவோரத்தில்தான் இருக்கிறது. காலி பண்ணவும் இல்லை, மூடவும் இல்லை. அதன் மேல் மரத்தூள் படிந்திருக்கிறது. நானும் கேட்கவில்லை. பாட்டுப் பெட்டி ஒல்லியாக வரப்போவதில்லை. முதுகு கொஞ்சம் புடைத்துக்கொண்டுதான் வருமாம். லாரிக்கார அண்ணன் வந்து புதுக்கட்டையைக் கையில் வைத்துப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு. ஆனா போய்த் திரும்பற வரைக்கும் பாடும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் நைட்டிப் பையிலும் ஒன்றைப் போட்டாள். உள்ளே கை விட்டதும் கட்டைவிரல் குழியைத் தேடியது.

"தேடுதாக்கா?"

"தேடுதும்மா."

"எனக்கும்தான்" என்றாள்.

சண்டை இப்போதும் உண்டு. திரை சின்னதா பெரிதா, பட்டன் மூன்றா நான்கா, ஏதோ ஒன்று. ஆனால் ஒரு வார்த்தை மேலே வருவதில்லை. முந்தாநாள் தரையில் படுத்துக் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். இரண்டு குரல், இரண்டும் ஒரே அளவு. யார் ஜெயிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு இது பெரிய தண்டனை.

மேலே வருவதெல்லாம் செருப்புச் சத்தம்தான். முன்னறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பின்வாசல், அங்கே ஒரு திருப்பம். இப்போது இரண்டு ஜோடி நடக்கிறது. தரை என்னோடதுதான். தேயட்டும்.